கடைசிக் கை

பதினோரு பேர் என்று கேட்டதும் சென்றாயனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போன வருஷம் நாலு பேர்தான். கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைப் பஞ்சுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தான். சிப்காட் முனைக் கடைக்குப் போய் ஒரு படி பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கி வந்து, ருக்மணி மேடத்தின் மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டினான்.

"என்னாப்பா விசேஷம், இந்த வயசுல பொண்ணு கின்னு பார்த்துட்டியா?" என்றான் கண்ணாடி ஊதும் கோவிந்தப்பன்.

"மேடம் பேரைப் பதினோரு பேர் எழுதியிருக்காங்கோ. எங்கெங்கியோ தேசத்துல. நீ வாயில போட்டுக்கினு பேசு."

ருக்மணி மேடம் பொரியைத் தொடவில்லை. பெங்களூர் நூலகத்தில் குறித்துக்கொண்டு வந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்றாயன், பதினோரு பேர் எழுதியிருக்காங்க. அதுல ஏழு பேர் எழுதியிருக்கறது, நான் சொன்னது தப்புன்னு."

கோவிந்தப்பன் மெல்லுவதை நிறுத்தினான். சென்றாயன் கையில் ஒரு பிடிப் பொரி இருந்தது. அதைத் தின்பதா, திரும்ப வைப்பதா என்று தெரியாமல் நின்றான்.

அது தொண்ணூற்று இரண்டாம் வருஷம், தை மாதம்.

ருக்மணி மேடம் வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஓசூர் சிப்காட்டில் ரேடியோ சாமான் செய்யும் கம்பெனி ஒன்று தன் பின்பக்கத் தகர ஷெட்டை அவருக்கு ஒதுக்கியிருந்தது. தில்லியிலிருந்து வரும் உதவியில் ஆராய்ச்சி நடந்தது. வெளிச்சம் ஒரு பொருளைத் தொட்டால் வெளிச்சத்துக்கு என்ன ஆகிறது, பொருளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஷெட்டில் மொத்தம் மூன்று பேர். மேடம், குடுவை ஊதும் கோவிந்தப்பன், அதைக் கழுவும் சென்றாயன்.

சென்றாயன் அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் கிருஷ்ணகிரி ரோட்டில் கிரானைட் ஷெட்டில் கல்லுக்குப் பாலிஷ் போட்டவன். வலது தோள் பட்டை பிசகி, கை தலைக்குமேல் ஏறாமல் போனபோது மேஸ்திரி கணக்கை முடித்துவிட்டார். கனமான வேலை இல்லை, ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி எண்பத்தேழில் மேடம் அவனைச் சேர்த்துக்கொண்டார்.

வேலை என்ன என்பதை மேடம் முதல் வாரமே அவனுக்கு விளக்கினார். குடுவை ஒரு தேங்காய் அளவு. உள்ளே காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ரூபிடியம் என்கிற உலோகத்தில் துளியளவு விட்டு மூடிவிடுவார்கள். அது ஆவியாகி உள்ளே அலையும். வெளியிலிருந்து விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அந்த அணுக்கள் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஆனால் ஓடிப்போய்க் கண்ணாடிச் சுவரில் மோதியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"ஒரு தடவை மோதினாலே மறந்துடுமா?" என்று கேட்டான் சென்றாயன்.

"மறந்துடும். அதுதான் எல்லாருக்கும் தலைவலி."

எண்பத்தெட்டில் செய்த முதல் மூன்று குடுவைகளில் அணுக்கள் மறக்கவில்லை. ஆயிரம் தடவை மோதியும் மறக்கவில்லை. அதற்கு அடையாளமாக, பேனா ஓடும் கருவியில் காகிதத்தின்மேல் ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பி நின்றது. மேடம் மூன்று மாதம் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதினார். நன்றாகக் கழுவிய வெறுங்கண்ணாடியே போதும், அணு மறக்காது என்று அதில் சொல்லியிருந்தார். அப்புறம் ஷெட்டுக்கு வெளிநாட்டு அஞ்சலட்டைகள் வர ஆரம்பித்தன. கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்புங்கள் என்று கேட்கிற அட்டைகள். சென்றாயன் அவற்றை ஸ்டாம்பு தெரியும்படி சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தான்.

ஒருவர் கட்டுரை எழுதினால், தனக்கு முன்னால் யார் சொன்னதைப் படித்து எழுதினார் என்று கடைசியில் பெயர் போட வேண்டுமாம். அந்தப் பெயர்களை எல்லாம் சேர்த்துப் பொடி எழுத்தில் தலையணை தலையணையாகப் புத்தகம் வரும். பெங்களூர் நூலகத்தில் இருக்கிறது. மேடம் ஒவ்வொரு தை மாதமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"கல்யாணப் பத்திரிகையில மாமன் மச்சான் பேரு போடுற மாதிரி. போடலைன்னா சண்டை" என்று கோவிந்தப்பன் விளக்கம் சொன்னான்.

அந்தப் பத்திரிகையில் மணமேடைக்கே வராதே என்றும் எழுதுவார்கள் என்பது சென்றாயனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவங்க கழுவிப் பார்த்தாங்களாம். ஒண்ணும் வரலையாம். நம்மகிட்ட மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க" என்றார் மேடம். "நாமளும் போன ஆடியிலிருந்து புதுசா பதினேழு குடுவை செஞ்சாச்சு. ஒண்ணுல கூட வரல. பழைய மூணுல ஒண்ணை ஜெர்மனிக்கு அனுப்புனேன், வழியிலேயே உடைஞ்சுபோச்சு. ஒண்ணு கழுத்து விரிசல் விட்டுச் செத்துப்போச்சு. மிச்சம் இருக்கற ஒரே ஒரு குடுவையை வெச்சுக்கிட்டு நான் உலகத்துக்கிட்ட சத்தியம் பண்ண முடியுமா?"

பங்குனியில் தில்லியிலிருந்து, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் மூன்று பேர் சோதித்துப் பார்க்க வரப்போகிறார்கள். அதற்குள் புதுக் குடுவை ஒன்றிலாவது அந்த ஊசிக்கோடு எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்னது பிசகு என்று மேடமே கட்டுரை வந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பிறகு ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள்.

மேடம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அந்த மூணு குடுவையையும் நீங்கதானே கழுவினீங்க? இப்ப கழுவற மாதிரிதானே?"

சுவரில் அட்டைகளுக்குப் பக்கத்தில் பெரிய பலகை ஒன்று தொங்கியது. குடுவை கழுவும் விதிகள், மொத்தம் ஏழு. மேடம் தமிழிலேயே பெயிண்டால் எழுதியது. சென்றாயனின் கண் அந்தப் பலகைக்குப் போய்த் திரும்பியது.

"ஆமாங்க மேடம்" என்றான்.

பொரியை யாரும் தின்னவில்லை. கோவிந்தப்பன் பொட்டலமாகக் கட்டி அலமாரியில் வைத்தான்.

அன்றைக்குச் சைக்கிளை மிதிக்கும்போது தோளைவிட நெஞ்சுதான் அதிகம் வலித்தது.

உண்மை இதுதான். அந்தப் பலகை மாட்டிய காலத்தில் சென்றாயனுக்கு எழுத்துத் தெரியாது. படிச்சுட்டீங்களா என்று மேடம் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டான். தெரியாது என்று சொல்லக் கூச்சம். மேடம் ஒரு தடவை செய்துகாட்டியதைப் பார்த்தே ஆசிட்டில் ஊறப்போடுவது, காய்ச்சிய நீரில் அலசுவது எல்லாம் கற்றுக்கொண்டான். ஆனால் ஓசூர்ச் சாரலில் குடுவை சீக்கிரம் காயாது. காயக் காய உள்ளே நீர்க்கறை வட்டம் வட்டமாக விழும். கறை இருக்கு, திரும்பக் கழுவுங்க என்று மேடம் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை சென்றாயன், கல் ஷெட்டில் எந்தப் பலகைக் கல்லையும் அனுப்புவதற்கு முன்னால் செய்வதைச் செய்தான். பாலிஷ் மெழுகைப் புளியங்கொட்டை அளவு சீவி, அரை டம்ளர் பெட்ரோலில் கரைத்து, குடுவைக்குள் விட்டு மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே ஊற்றிவிட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டான். கல் ஷெட்டில் இதற்குக் கடைசிக் கை என்று பெயர். கடைசிக் கை படாத கல் வாசலைத் தாண்டாது. கறை விழவில்லை. மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் கழுவறது" என்றார். மற்ற இரண்டுக்கும் அப்படியே செய்தான். மெழுகு போட்டது கண்ணுக்கே தெரியாது. செய்ததை அவன் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தோசைக்கல்லில் எண்ணெய் தடவியதை யாராவது போய்ச் சொல்வார்களா?

தொண்ணூற்றில் கம்பெனி கேன்டீனில் சாயங்கால எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். ஜோதிமணி என்று ஒரு பெண், கம்பெனியில் கம்பி சுற்றுகிறவள், வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பாள். நாற்பத்தாறு வயதில் சென்றாயன் ஸ்லேட்டு பிடித்தான். அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு நாள், பேருந்துப் பலகை, கடைப் பலகை எல்லாம் படித்துத் தள்ளிய மிதப்பில், ஷெட்டில் தொங்கிய விதிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஏழாவதில் வந்து நின்றான். "கழுவிக் காய்ந்த குடுவைக்குள் வேறு எதையும் விடக்கூடாது. விட்டால் ஆராய்ச்சி கெடும்."

மறுபடி எழுத்துக் கூட்டிப் பார்த்தான். மூன்று குடுவைக்கும் அதையேதான் செய்திருக்கிறான். ஆனால் ஆராய்ச்சி ஒன்றும் கெடவில்லையே, நன்றாகத்தானே நடக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். இனிமேல் எழுதியிருக்கிறபடி நடப்பது என்று முடிவு செய்தான். ஆடியில் புதுக் குடுவைகள் வந்தன. பதினேழையும் விதி பிசகாமல் கழுவினான். கறை விழுந்ததை எல்லாம் நாலு தடவை, ஐந்து தடவை என்று திரும்பக் கழுவினான். எழுத்துத் தெரிந்தவன் கழுவிய குடுவைகள் அவை. ஒன்றுகூடப் பேசவில்லை, ஒன்றிலும் கோடு எழும்பவில்லை.

இப்போது அவனுக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பேசுகிற குடுவைக்கும் பேசாத குடுவைக்கும் நடுவில் இருப்பது ஒரு புளியங்கொட்டை மெழுகு.

பேகேபள்ளியில் வீட்டுக்கு வந்தபோது மனைவி பாப்பம்மா ரோஜாத் தோட்ட வேலையை முடித்துவிட்டு வந்து கையில் குத்திய முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"அப்ப உன் மெழுகாலதான் அந்தம்மாவுக்கு நல்ல பேரு வந்துச்சுன்னு சொல்றியா?"

"நல்ல பேரும் அதால, கெட்ட பேரும் அதால. வெறுங்கண்ணாடின்னு எழுதிட்டாங்கோ. நானு மெழுகுன்னு சொன்னா, அவங்க எழுதுனது பொய்யின்னு ஆவும். என் கைய நம்பி எழுதுனது. இன்னைக்கு நேருக்கு நேரா கேட்டாங்க. ஒரே மாதிரிதான் கழுவுனேன்னு வேற சொல்லிட்டு வந்துட்டேன்."

பாப்பம்மா முள்ளை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "சொன்னா என்னா ஆவும்?"

"வேலை போவும்."

"சொல்லலைன்னா?"

"பங்குனியில ஷெட்டே மூடிடுவாங்கோ."

"அதுலயும் வேலை போவுதில்ல? அப்பறம் எதுக்குக் குந்திக்கினு யோசிக்கற? போறதுதான் போவுது, அந்தம்மாவுக்காவது மிஞ்சட்டும்." ஊக்கைச் சேலையில் குத்திக்கொண்டு எழுந்தாள். "உன் தோளு வெளங்காம கெடந்தப்ப இந்த ஊர்ல அவங்க ஒருத்திதான் வான்னாங்க. சோத்தத் துன்னு."

மறுநாள் காலை சாரல் பெய்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் நுழைந்தபோது தட்டச்சு இயந்திரம் நிறுத்தி நிறுத்திச் சத்தம் போட்டது. மேடம் எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்கு எழுதும் கடிதம் என்று கோவிந்தப்பன் சைகை காட்டினான்.

சென்றாயன் அலமாரியிலிருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துவந்தான். ஒன்று, விரிசல் விட்டுச் செத்த பழைய குடுவையின் பாதி. இன்னொன்று, போன மாதம் கோவிந்தப்பன் கை தவறி உடைத்த புதுக் குடுவையின் பாதி. இரண்டையும் கிண்ணம் மாதிரி மேஜைமேல் வைத்து, சொம்பில் விரலை நனைத்து இரண்டிலும் தண்ணீரைத் தெளித்தான். கல் ஷெட்டில் கடைசிக் கை பட்டதா என்று மேஸ்திரி இப்படித்தான் பார்ப்பார்.

புதுத் துண்டில் தண்ணீர் பரவிப் படிந்தது. பழைய துண்டில் முத்து முத்தாக உருண்டு அடியில் போய்ச் சேர்ந்தது.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"இது என்ன?"

"மெழுகுங்க மேடம். நாந்தான் போட்டேன். மூணுலயும் போட்டேன். நேத்து கேட்டப்ப ஆமான்னு சொன்னது பொய்யிங்க." பலகையைக் காட்டினான். "அப்ப எனக்கு இதைப் படிக்கத் தெரியாதுங்க. தெரிஞ்சப்பறம் போடல. புதுசு எதுலயும் போடல."

மேடம் எழுந்தார்.

"நாலு வருஷம், சென்றாயன்! நாலு வருஷமா வெறுங்கண்ணாடி, வெறுங்கண்ணாடின்னு நான் ஊர் ஊரா எழுதிட்டு இருக்கேன். ஏழு பேர் என்னைப் பொய்க்காரிங்கறாங்க. அவங்க பக்கம்தான் நியாயம்!"

"ஆமாங்க மேடம்."

"ஆமாங்க மேடமா? படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் வாயால சொல்லியிருப்பேனே!"

மேடம் குடைகூட இல்லாமல் வெளியே போய்ச் சைக்கிள் ஸ்டாண்டின் கூரைக்கு அடியில் நின்றார். கோவிந்தப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஏமப்பா, இது உனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? நானு பதினேழு குடுவை ஊதி உதடு வெந்து கெடக்கறேன்." சென்றாயன் தன் துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துப் பையில் வைத்தான். போகச் சொன்னால் போவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று.

மேடம் திரும்பி வந்தார். தலையில் தூறல் பொட்டுப் பொட்டாக நின்றது. பழைய துண்டை எடுத்துச் சாய்த்து, நீர்முத்து உருளுவதைப் பார்த்தார். மறுபடி சாய்த்தார். மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு மெழுகு?"

"புளியங்கொட்டை அளவுங்க. அரை டம்ளர் பெட்ரோல்ல."

"என்ன மெழுகு?"

"கல் ஷெட்டு மெழுகு. மெழுகுவத்தி மெழுகுல என்னவோ சேர்த்துக் காய்ச்சுவாங்கோ. மேஸ்திரிக்குத்தான் தெரியும்."

"மெழுகு பூசறது புதுசில்ல. வெளிநாட்டுல எனக்கு முன்னாடியே செஞ்சிருக்காங்க" என்றார் மேடம், அவனுக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "ஆனா அவங்களுக்கு இவ்வளவு நேரம் தாங்கினதில்ல. நாம குடுவையைச் சீல் வைக்கறதுக்கு முன்னாடி அடுப்புல வேற வாட்டறோம். அதுல உருகிச் சுவர் முழுக்கப் பரவியிருக்கும்..." சட்டென்று நிறுத்தினார். "பை எதுக்குத் தோள்ல? எங்க கிளம்பிட்டீங்க?"

"இல்லைங்க மேடம்."

"கல் ஷெட்டுக்குப் போங்க. அந்த மெழுகைக் கொண்டுவாங்க. இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணும்."

மூன்று குடுவைகள் செய்தார்கள். ஒன்றுக்குக் கடைசிக் கை இல்லை, இரண்டுக்கு உண்டு. மேடம் பக்கத்திலேயே நின்று, புளியங்கொட்டை அளவைத் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டார். சுற்றியது எத்தனை சுற்று, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று எல்லாம் கேட்டார். சென்றாயனுக்குத் தன் கை செய்வதைத் தானே வாயால் சொல்வது கல் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் முதல் குடுவையைக் கருவியின் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் வைத்தார்கள். கடைசிக் கை இல்லாதது. பேனா மேடு மாதிரி ஒரு சோம்பல் கோட்டைப் போட்டது. இரண்டாவதை வைத்தார்கள். பேனா கொஞ்ச தூரம் படுத்துக்கொண்டே போயிற்று. சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏய், பாருப்பா!" என்று கோவிந்தப்பன் கத்தினான். "தேர்க் கலசம் மாதிரி நிக்குது!"

ஊசிக்கோடு காகிதத்தின் மேல்விளிம்பையே தொட்டது. மூன்றாவது குடுவையிலும் தொட்டது. மேடம் தட்டச்சில் பாதியில் நின்றிருந்த தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாளைச் செருகினார்.

என் கட்டுரையில் வெறுங்கண்ணாடி என்று சொன்னது தவறு, சுவரில் மெழுகு இருந்தது, நான் அறியவில்லை, செய்முறை இதோ என்று திருத்தம் எழுதினார். கடைசியில் நன்றி என்ற இடத்துக்கு வந்ததும், "உங்க பேரைப் போடட்டுமா?" என்று கேட்டார்.

"தப்புப் பண்ணவன் பேரா?" என்றான் கோவிந்தப்பன்.

"தப்பை நானும் சேர்ந்துதான் பண்ணியிருக்கேன். படிச்சீங்களான்னு கேட்டேனே தவிர, படிச்சுக் காட்டுங்கன்னு சொல்லல" என்றார் மேடம்.

சென்றாயன் யோசித்தான். "போடுங்க மேடம். யாருக்காச்சும் கோடு வரலைன்னா திட்றதுக்கு ஒரு ஆளு வேணும் இல்லீங்களா?"

மேடம் சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார். அன்று சாயங்காலம், பலகையில் ஏழாவது விதியை அடித்துவிட்டுக் கடைசிக் கையைப் புது விதியாக எழுதச் சொல்லிப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் சென்றாயனிடம் கொடுத்தார். கை மேலே ஏறாததால் பலகையைக் கழற்றித் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து எழுதினான். எழுத்துகள் ஒன்று பெரிசும் ஒன்று சின்னதுமாக இருந்தன. மேடம் அப்படியே மாட்டச் சொன்னார்.

பங்குனியில் வந்த மூன்று பேரும் நிறையக் கேள்வி கேட்டார்கள். ஒருவர் கோபமாகவே பேசினார். இன்னொருவர் குடுவையையும் காகிதச் சுருளையும் வெகுநேரம் பார்த்தார். தன் தப்பைத் தானே அச்சுக்கு அனுப்பியவரை இன்னும் ஒரு வருஷம் நம்பலாம் என்று கடைசியில் சொன்னாராம். ஒரு வருஷம்தான். ஆனால் ஷெட் பூட்டப்படவில்லை.

அடுத்த தை மாதம் மேடம் பெங்களூரிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். சென்றாயன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"எத்தனை பேருங்க மேடம்?"

"ஆறு பேர்."

சென்றாயன் நகரவில்லை. கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னான்னு எழுதியிருக்காங்கோ?"

"நாலு பேர் அவங்களுக்கும் கோடு வந்துடுச்சுன்னு. ஒருத்தர், முன்னே தப்புன்னு சொன்ன ஏழு பேர்ல ஒருத்தர்தான், சரியா வருதுன்னு ஒத்துக்கிட்டு, அந்த மெழுகு எங்க கிடைக்கும்னு தனியா அட்டையும் போட்டிருக்கார்."

"அஞ்சு ஆச்சு. ஆறாவது ஆளு?"

"அவருக்குப் பாதிதான் வருதாம். எல்லாம் சொன்னபடி செஞ்சேன், கோடு அகலமா இருக்குங்கறார்."

கோவிந்தப்பன் உள்ளேயிருந்து, "அஞ்சு பேருக்குப் பொரி வாங்கலாம், தப்பில்ல!" என்று குரல் கொடுத்தான். சென்றாயன் ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்தான். இரண்டடி வைத்துவிட்டு நின்றான்.

"மேடம், அந்த ஆறாவது ஆளு ஊத்தினப்பறம் குடுவையக் கவுத்துத் தொங்க வுட்டாரா? நிமுத்தி வெச்சா அடியில மெழுகு குட்டையா தங்கிப்போவும். நீங்க அதை எழுதினீங்களா?"

ருக்மணி மேடம் வாசற்படியிலேயே நின்றார். சுற்று, எடை, நேரம் எல்லாம் எழுதியிருந்தார். கவிழ்த்துத் தொங்கவிட்டதை எழுதவில்லை. அது வெறுமனே காயவைப்பது என்று நினைத்திருந்தார்.

"பொரி அப்புறம் வாங்கலாம்" என்றார், தோள்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே. "எவ்வளவு நேரம் தொங்கணும்? முதல்லேர்ந்து சொல்லுங்க."